கியூப் சுற்றிச் சுற்றிக் கட்டைவிரல் பிடித்துக்கொண்டது, என்ன செய்யலாம்?

அவிநாசிக்காரி:

எல்லாருக்கும் வணக்கமுங்க. எனக்கு வயது 38. பையன் ஏழாவது படிக்கிறான். போன கோடை விடுமுறையில் அவன் ரூபிக்ஸ் கியூப் (ஆறு பக்கமும் நிறம் சேர்க்கிற கட்டை) கற்றுக்கொண்டபோது பக்கத்தில் உட்கார்ந்து நானும் கற்றுக்கொண்டேன், இப்போது அவனைவிட எனக்குத்தான் பித்து அதிகம். ஒரு நிமிடம் பத்து நொடியில் முடிக்கிறேன். ஒரு நிமிடத்துக்குள் வந்துவிட வேண்டும் என்று வேலைக்குப் போகிற பஸ்ஸிலும் திரும்பி வருகிற பஸ்ஸிலும் சுற்றிக்கொண்டே இருப்பேன், சீட் கிடைக்காவிட்டால் கம்பியில் தோளைச் சாய்த்து நின்றபடியே. ராத்திரி பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகு இன்னும் ஒரு முப்பது நாற்பது தடவை.

இருபது நாளாக வலது கட்டைவிரலுக்குக் கீழே, மணிக்கட்டு ஆரம்பிக்கிற இடத்தில், சுருக்சுருக்கென்று வலிக்கிறது. துணி பிழிய முடியவில்லை. தோசைக்கல்லைத் தூக்கினால் பிடி நழுவுகிறது. வீட்டுக்காரர் "அந்தச் சனியனைத் தூக்கி வீசு" என்கிறார். வீசாமல் சரிசெய்ய வழி இருந்தால் சொல்லுங்க. கியூப் தேர் நோம்பியில் கடை போட்டிருந்தார்களே, அங்கே பையனுக்கு வாங்கியது.

சிங்காநல்லூர் கியூபர்:

அக்கா, கடைசி வரியில்தான் பாதி விஷயம் இருக்கிறது. நோம்பிக் கடை கியூபில் ஒரு வரிசை சித்தே கோணலாக நின்றாலும் அடுத்த பக்கம் திரும்பாது. கட்டைவிரலால் நெட்டி நேராக்கிவிட்டுத்தான் திருப்ப வேண்டும், ஒவ்வொரு திருப்பத்துக்கும் இப்படி. காந்தம் வைத்த ஸ்பீடு கியூப் இப்போது சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது, அதை வாங்கிவிடுங்க. நடு வில்லையின் மூடியைக் கழற்றினால் உள்ளே திருகு இருக்கும். ஆறு பக்கமும் ஒரே அளவாகக் கால் சுற்றுக் கால் சுற்றாகத் தளர்த்துங்கள், விரல் நுனியால் தட்டினாலே போகிற பதம் வரும்வரை. ரொம்பத் தளர்த்தினால் கையிலேயே உதிர்ந்துவிடும், அது வேறு கதை.

அடுத்தது திருப்புகிற விதம். முழுக் கையையும் முறுக்கித் திருப்பினால் மணிக்கட்டுதான் வாங்கும். மேல் அடுக்கை ஆள்காட்டி விரலால் இழுத்துவிடுங்க, கீழ் அடுக்கை மோதிர விரலால். வலது பக்கத்துக்கு மட்டும் மணிக்கட்டு போதும், அதுவும் கால் சுற்றுத்தான். முழங்கை இரண்டும் மேசையில் ஊன்றியிருக்கட்டும். பஸ்ஸில் நின்றுகொண்டு சுற்றுவதை முதலில் விடுங்க அக்கா, வண்டி குலுங்கும்போதெல்லாம் கீழே விழாமல் இருக்க நமக்கே தெரியாமல் இறுக்கிப் பிடிப்போம்.

ஆரம்பப் பாடமுறையில் ஒரு கியூபை முடிக்க நூறு திருப்பத்துக்கு மேல் போய்விடும். எப்படிக் கலைத்தாலும் 20 திருப்பத்துக்குள் தீர்க்கலாம் என்று 2010-ல் கம்ப்யூட்டர் வைத்து நிரூபித்துவிட்டார்கள், அது மனுசன் செய்கிற காரியமில்லை. ஆனால் முதல் இரண்டு அடுக்கை ஒட்டுக்கா முடிக்கிற முறையைக் கற்றுக்கொண்டால் அறுபது பக்கம் வந்துவிடும், விரலுக்கு ஏறக்குறைய பாதி வேலை மிச்சம்.

தாராபுரத்தான்:

தம்பி சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்க. தளரவில்லையே என்று தேங்காய் எண்ணெய் விட்டுவிடாதீர்கள். நான் விட்டேன். நம்ம ஊரில் எதற்குத்தான் அது விடுவதில்லை! பத்து நாளில் பிசுபிசுத்துத் தூசியெல்லாம் ஒட்டிக்கொண்டது, மார்கழி விடியக்காலம் எடுத்துப் பார்த்தால் எண்ணெய் உறைந்து கியூப் கல்லாக நிற்கிறது. சிலிக்கான் எண்ணெய் இரண்டு சொட்டுப் போதும்.

இதைவிடப் பெரிய முட்டாள்தனம், இதே இடத்தில் எனக்கு வலி வந்தபோது சுளுக்கு எடுக்கிற ஒருவரிடம் போய்க் கையை நீட்டினேன். நரம்பு பிசகியிருக்கிறது என்று சொல்லி அழுத்தி நீவிக் கட்டைவிரலை ஒரு இழு இழுத்தார். அன்றைக்கு ராத்திரி வீங்கியது, பிறகு ஒன்றரை மாதம் பைக் ஆக்சிலேட்டர் முறுக்க முடியவில்லை.

பெருந்துறை பிசியோ:

நேரில் பார்க்காமல் முடிவாகச் சொல்லக்கூடாதுங்க. ஆனால் நீங்கள் சொல்கிற இடமும் துணி பிழியும்போது வருகிற வலியும் டி குவெர்வைன் என்று நாங்கள் சொல்வதற்குப் பொருந்துகிறது. 1895-ல் அதை விவரித்த சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவரின் பெயர் அது. கட்டைவிரலைத் தூக்குகிற இரண்டு தசைநாண்கள் மணிக்கட்டு ஓரத்தில் ஒரு குறுகலான உறைக்குள் ஓடுகின்றன. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தால் அந்த உறை தடித்துவிடும், நாண் ஓட இடமில்லாமல் உரசும். மற்றபடி நரம்பு பிசகவுமில்லை, சுளுக்குமில்லை. அதனால்தான் தாராபுரத்துக்காரருக்கு நீவ நீவ வீங்கியது.

கட்டைவிரலை உள்ளே மடித்து மற்ற விரல்களால் மூடிக்கொண்டு, மூடிய கையை மெதுவாகச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்துப் பாருங்கள். மறு கையைவிட இந்தக் கையில் மட்டும் அதே இடத்தில் கடுமையாகச் சுரீரென்றால் பெரும்பாலும் அதுதான். ஒரு தடவை போதும், வலிக்கிறதா வலிக்கிறதா என்று நாளெல்லாம் செய்து பார்க்க வேண்டாம். கியூப் மோகம் தலைக்கேறியிருந்த 1980-களிலேயே வெளிநாட்டு மருத்துவ இதழ்களில் கியூப் கட்டைவிரல், கியூப் மணிக்கட்டு என்று எழுதியிருக்கிறார்கள், ஆகவே நீங்கள் முதல் ஆள் இல்லை.

ஒரு கேள்வி. வேலை வேலை என்கிறீர்களே, என்ன வேலைங்க?

அவிநாசிக்காரி:

பனியன் கம்பெனியில் செக்கிங்குங்க. பிசிர் வெட்டுகிற டிரிம்மர் கையிலேயே இருக்கும். ஆர்டர் அவசரம் என்றால் ஒன்றரை ஷிப்ட். ஒரு நாளைக்கு ஐந்நூறு பீஸாவது கை வழியாகப் போகும், பீஸுக்கு ஐந்தாறு இடத்தில் வெட்ட வேண்டியிருக்கும். நீங்கள் சொன்னபடி சாய்த்துப் பார்த்தேன், கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

பெருந்துறை பிசியோ:

அப்படிப் போடுங்க! கணக்குப் பண்ணிப் பாருங்கள், பொழுது சாய்வதற்குள் அந்தக் கட்டைவிரல் இரண்டாயிரத்தைந்நூறு, மூவாயிரம் தடவை அமுக்கிவிடுகிறது. அதற்கு மேல்தான் பஸ்ஸில் கியூப், பிறகு பாத்திரம், பிறகு மறுபடி கியூப். கியூப் ஒட்டகத்தின் மேல் வைத்த கடைசி மூட்டை, அவ்வளவுதான். அதை வீசினாலும் மற்ற மூட்டைகள் அப்படியேதான் இருக்கும்.

கட்டைவிரலையும் மணிக்கட்டையும் சேர்த்துப் பிடிக்கிற பட்டை மருந்துக்கடையில் கிடைக்கும், கட்டைவிரல் வெளியே ஆடுகிற மணிக்கட்டுப் பட்டை உதவாது. நாலு வாரமாவது போடுங்கள். வலிக்கிற இடத்தில் துணியில் சுற்றிய ஐஸ் பத்து நிமிடம். ஸ்பிரிங் தளர்வான டிரிம்மர் கேட்டு வாங்குங்கள், சூப்பர்வைசரிடம் சொல்லிக் கொஞ்ச நாள் மடிக்கிற வேலைக்கு மாறிக்கொள்ள முடியுமா பாருங்கள். பட்டை போட்டிருக்கும் வரை கியூப் வேண்டாம். திரும்பத் தொடும்போது ஐந்து தடவை சுற்றினால் ஐந்து நிமிடம் கீழே வையுங்கள், வலி தலைகாட்டினால் அன்றைக்கு அதோடு சரி.

விரல் மரத்துப்போவது, ராத்திரி கை உதறி எழுவது இருந்தால் அது வேறு நரம்புச் சிக்கல். சிவந்து சூடாக வீங்கினாலும், நாலு வாரத்தில் குறையாவிட்டாலும் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். ஊசி ஒன்றிலேயே பலருக்கு அடங்கிவிடும்.

சிங்காநல்லூர் கியூபர்:

ஐந்து தடவை என்று சொன்னீர்களே, போட்டியிலேயே ஒரு சுற்றுக்கு ஐந்துதாங்க! நல்லது ஒன்று, மோசமானது ஒன்று இரண்டையும் கழித்துவிட்டு மற்ற மூன்றுக்குச் சராசரி போடுவார்கள். நான் ஒரே உட்காரலில் நூறு போட்டுக்கொண்டிருந்தவன், இடது சுண்டுவிரல் மடங்க மறுத்த பிறகுதான் நிறுத்தினேன். இப்போது பாதி நேரம் வேண்டுமென்றே மெதுவாகச் சுற்றி, அடுத்த துண்டு எங்கே இருக்கிறது என்று கண்ணால் தேடிப் பழகுகிறேன். நேரம் அதில்தான் குறைந்தது.

அவிநாசிக்காரி:

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன். பட்டை நாலு வாரம் போட்டேன். டிரிம்மர் மாற்றிக் கொடுத்தார்கள், மடிக்கிற வேலை கிடைக்கவில்லை, ஆனால் பிசிர் அதிகமில்லாத லாட் வந்தால் எனக்குத் தள்ளிவிடுகிறார்கள். துணி பிழிகிறேன், தோசைக்கல் மட்டும் இன்னும் இடது கையில். காந்தக் கியூப் வாங்கியாகிவிட்டது, வீட்டுக்காரர்தான் போய் வாங்கி வந்தார், கடையிலேயே அரை மணி நேரம் சுற்றிப் பார்த்திருக்கிறார். நேற்று 58 நொடி.

இப்போது பையன் பக்கத்துக்கு ஏழு வரிசை இருக்கிற ஏழுக்கு ஏழு கியூப் கேட்கிறான். அது கனம் எப்படிங்க, சின்னக் கைக்கு ஆகுமா?

சிங்காநல்லூர் கியூபர்:

கனம்தான் அக்கா. முதலில் நாலுக்கு நாலு வாங்கிக் கொடுங்க. ஏழுக்கு ஏழு வந்தால் மடியில் தலையணை வைத்து அதன்மேல் வைத்துச் சுற்றச் சொல்லுங்க, தூக்கிப் பிடிக்க விடாதீர்கள்.