நிறுவை மேடைக் கணினி: எந்த நிரல் எதனோடு பேசுகிறது?

நிறுவைக்காரன் (பெஸ்தாரி ஜெயா, மலேசியா):
எங்கள் ஊர்ப் பக்கத்துச் செம்பனை ஆலை ஒன்றின் நிறுவை மேடைக் கணினி என் பொறுப்புக்கு வந்திருக்கிறது. உபுண்டு ஓடுகிறது. ஒரு நிரல் தராசின் எடையைப் படிக்கிறது, இன்னொன்று மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் பதிகிறது, மூன்றாவது சீட்டு அச்சடிக்கிறது. மாலையில் லாரிகள் வரிசை கட்டும் நேரத்தில் சீட்டு வராமல் நின்றுவிடுகிறது. இதை எழுதியவர் ஒரு குறிப்பும் வைக்காமல் வேலையை விட்டுப் போய்விட்டார். நெட்வொர்க் பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்ப்பை லூப்பேக்கில் (கணினி தன்னோடு தானே பேசும் நெட்வொர்க் வழி) போட்டுப் பார்த்தேன், ஒரு பாக்கெட்கூட விழவில்லை. எது எதனோடு பேசுகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

லோகா:
விழாது, தம்பி. அவை யூனிக்ஸ் சாக்கெட்டில், அதாவது ஒரே கணினியில் ஓடும் நிரல்கள் நெட்வொர்க் இல்லாமல் பேசும் வழியில், பேசுகின்றன. தரவு இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள்ளேயே கைமாறிவிடும், லூப்பேக் பக்கமே வராது. மைஎஸ்கியூஎல்லுக்கு லோக்கல்ஹோஸ்ட் என்று கொடுத்தாலும் சாக்கெட் கோப்பு வழியாகத்தான் போகும், 127.0.0.1 என்று கொடுத்தால்தான் டிசிபி என்ற நெட்வொர்க் வழி.

ரூட்டாக (முழு அதிகாரம் உள்ள கணக்கு) இருந்து, சாக்கெட்டுகளைப் பட்டியலிடும் எஸ்எஸ் கட்டளையை எக்ஸ், பி விருப்பங்களோடு (ss -xp) ஓட்டுங்கள். ஒவ்வொரு வரியிலும் இரண்டு ஐநோடு எண்கள் (சாக்கெட்டின் அடையாள எண்கள்) இருக்கும். தன் எண் 48213, எதிர்முனை 48214 என்று ஒரு வரி சொன்னால், 48214ஐத் தன் எண்ணாகக் கொண்ட வரியைத் தேடுங்கள். அதன் ஓரத்தில் எழுதியிருப்பதுதான் மறுமுனை நிரல். நெட்ஸ்டாட் எதிர்முனையைக் காட்டாது, அதைத் தொட வேண்டாம். இந்த வேலைக்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

கிராணி மகன்:
கடைசி வாக்கியத்தை ஏற்க மாட்டேன், அக்கா. அந்தப் பட்டியல் சாக்கெட்டை யார் வைத்திருக்கிறார்கள் என்று சொல்லும், யார் பேசுகிறார்கள் என்று சொல்லாது. ஒரு நிரல் ஃபோர்க் செய்து தன் நகல்களைப் பிறப்பித்தால் அந்தப் பிள்ளைகளும் அதே சாக்கெட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஒரே வரியில் நான்கு பெயர்கள் நிற்கும். சேவைகளைத் தொடங்கி வைக்கும் சிஸ்டம்டி திறந்து கொடுத்த சாக்கெட் என்றால், எதிர்முனை யார் என்று எஸ்ஓ_பியர்கிரெட் மூலம் கேட்கும் கிளையண்டுக்கு 1ஆம் எண் செயல்முறையான சிஸ்டம்டிதான் பதிலாக வரும். செய்திகளை இடையில் நின்று கைமாற்றும் டிபஸ் வழியாகப் பேசினால் எல்லோருக்கும் எதிர்முனை அந்த பஸ் நிரல்தான்! நிரல் கெர்னலிடம் செய்யும் ஒவ்வொரு அழைப்பையும் காட்டும் எஸ்ட்ரேஸ் போட்டால்தான் உண்மை தெரியும். ஒய் விருப்பத்தை இரட்டையாகக் கொடுத்தால் சாக்கெட் விவரத்தையும் அழைப்போடு சேர்த்தே காட்டும்.

லோகா:
மாலை நேரத்து நிறுவை மேடையிலா எஸ்ட்ரேஸ்? ஒவ்வொரு கணினி அழைப்புக்கும் நிரலை இரண்டு முறை நிறுத்தி எழுப்பும். தராசு சீரியல் போர்ட்டில் எடையைக் கொட்டிக்கொண்டிருக்கும்போது படிக்கும் நிரல் தடுமாறினால் தப்பான எடை பதிவாகும். வெட்டிய செம்பனைக் குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெயில் கொழுப்பு அமிலம் ஏறும். வரிசையில் நிற்கும் லாரிக்காரருக்கு உங்கள் ஆராய்ச்சி புரியாது. இன்னொன்று: நெட்வொர்க் அழைப்புகளை மட்டும் வடிகட்டினால் ரீட், ரைட் என்ற பொது அழைப்புகளைக் கொண்டு பேசும் நிரல் அதில் தெரியவே தெரியாது. பாதிப் பேர் அங்கேதான் ஏமாறுகிறார்கள்.

பழைய டெக்னீஷியன் (தைப்பிங்):
ஏன் இந்த வம்பு? எல்லாவற்றையும் 127.0.0.1க்கு மாற்றிவிடுங்கள். டிசிபிடம்ப்பில் ஒன்றுவிடாமல் தெரியும். தோட்டத்து ஊரில் நாளைக்கு யார் வந்து பார்த்தாலும் புரியும்.

கிராணி மகன்:
மூல நிரல் கையில் இருந்தால்தானே மாற்றுவதற்கு, ஐயா? மாற்றினாலும் சாக்கெட் கோப்புக்கு இருக்கும் அனுமதிக் கட்டுப்பாடு போய்விடும். அந்தக் கணினியில் கணக்கு வைத்திருக்கும் யார் வேண்டுமானாலும் போர்ட்டில் இணைந்து எடையை அனுப்பலாம். குலைக்குப் பணம் கொடுப்பதே அந்த எடையை வைத்துத்தான்.

பழைய டெக்னீஷியன் (தைப்பிங்):
கையால் சீட்டு எழுதிய காலத்திலும் எடையில் கைவைத்தார்கள். அதற்கு சாக்கெட்டா காவல்? இருந்தாலும் மூல நிரல் இல்லையென்றால் என் யோசனை செல்லாது, விடுங்கள்.

நிறுவைக்காரன்:
லோகா அக்கா சொன்னபடி ஜோடி சேர்த்துவிட்டேன். எடை நிரலிலிருந்து பதிவு நிரலுக்கு ஓர் இணைப்பு, பதிவிலிருந்து சீட்டு நிரலுக்கு ஒன்று. இன்று மாலை நின்றபோது மறுபடி ஓட்டினேன். சீட்டு நிரலின் வரியில் ரெசீவ்-கியூ (வந்து இன்னும் படிக்கப்படாத பைட்டுகள்) 0 இல்லை, 912. அடுத்த லாரி ஏறியதும் 1,216. குறையவே இல்லை.

லோகா:
அப்படியென்றால் செய்தி வந்து சேர்ந்திருக்கிறது, சீட்டு நிரல் எடுத்துப் படிக்கவில்லை. பட்டியலே சொல்லிவிட்டதே!

கிராணி மகன்:
எங்கே நின்றது என்று சொல்லியது, ஏன் நின்றது என்று சொல்லவில்லை. நின்றுபோன அந்த ஒரு நிரலுக்கு மட்டும் எஸ்ட்ரேஸ் போடுவதில் என்ன கெட்டுவிடும்? அது ஏற்கனவே உறங்கிக்கொண்டுதானே இருக்கிறது.

லோகா:
அதற்கும் எஸ்ட்ரேஸ் வேண்டாம். ப்ராக் அடைவில் அதன் செயல்முறை எண்ணுக்குக் கீழே ஸ்டாக் என்று ஒரு கோப்பு இருக்கும், நிரல் கெர்னலுக்குள் எங்கே நிற்கிறது என்று காட்டும், ரூட்டாகப் படித்தால் போதும்.

நிறுவைக்காரன்:
படித்தேன். மேல் வரிகளில் யுஎஸ்பிஎல்பி_ரைட் என்று நிற்கிறது.

கிராணி மகன்:
யுஎஸ்பி பிரிண்டரில் எழுதக் காத்திருக்கிறது. கேபிளையும் தாள் உணரியையும் பாருங்கள். ஆனால் பிரிண்டர் நின்றால் சாக்கெட்டையே மறந்துவிடும்படி அந்த நிரலை எழுதியவரை நான் மன்னிக்க மாட்டேன். அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.