மறு: சாலிடாரிட்டி ஸ்ட்ரைக் – ‘தோழமை வேலைநிறுத்தம்’ சரியா?

> ‘அனுதாப வேலைநிறுத்தம்’ என்றே வைத்துக்கொள்ளலாமே, ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதுதானே?

அன்பு நண்பர்களுக்கு,

சாலிடாரிட்டி ஸ்ட்ரைக் என்பது மற்ற இடத்துத் தொழிலாளர்களுக்காகச் செய்யும் வேலைநிறுத்தம்; நம் சொற்பட்டியலுக்கு அதன் தமிழைத் தேடுகிறோம். மேலே ஐயா சொல்வதுபோல் ‘அனுதாப வேலைநிறுத்தம்’ பழகிய சொல்தான். சட்ட நூல்களிலும் சிம்பதி (அனுதாப) ஸ்ட்ரைக், சாலிடாரிட்டி ஸ்ட்ரைக் இரண்டும் கலந்தே வருகின்றன. ஆனால் நம் கட்டுரை போலந்தைப் பற்றியது. அங்கே நடந்ததை அனுதாபம் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

1980 ஆகஸ்ட் 16, கதான்ஸ்க் நகரின் லெனின் கப்பல் கட்டும் தளம். ஓய்வுக்கு ஐந்தே மாதம் இருந்த கிரேன் ஓட்டுநர் அன்னா வாலண்டினோவிச்சை வேலைநீக்கம் செய்ததால் வெடித்த போராட்டத்தின் மூன்றாம் நாள். அவரையும், முன்பே வேலைநீக்கம் செய்யப்பட்டிருந்த போராட்டத் தலைவர் லெக் வலேசாவையும் மீண்டும் சேர்த்துக்கொள்ள நிர்வாகம் இசைந்தது; சம்பள உயர்வுக்கும் ஒப்புக்கொண்டது. போராட்டம் முடிந்தது என்று வலேசா அறிவித்தார், ஆட்கள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். நீங்கள் கைவிட்டால் நாங்கள் தொலைந்தோம் என்று, தாமும் வேலைநிறுத்தத்தில் இருந்த டிராம் ஓட்டுநர் ஹென்ரிகா க்ஷிவோனோஸ் முறையிட்டார். வாலண்டினோவிச்சும் செவிலியர் அலினா பியென்கோவ்ஸ்காவும் வாயில்களுக்கு ஓடி, வெளியேறிக்கொண்டிருந்தவர்களை மறித்துப் பேசித் திருப்பினார்கள்.

கேட்டது கைக்கு வந்தபிறகும், இன்னும் ஒன்றும் கிடைக்காத மற்ற ஆலைக்காரர்களுக்காக உள்ளேயே தங்கினார்கள். அதன்பின் எழுதப்பட்ட 21 கோரிக்கைகளில் முதலாவது, கட்சிக்கும் முதலாளிக்கும் கட்டுப்படாத தொழிற்சங்கம். அரசுடன் ஆகஸ்ட் 31 ஒப்பந்தம், 1981 டிசம்பரில் இராணுவச் சட்டம், 1989இல் அரசுக்கும் இயக்கத்துக்கும் நடந்த வட்டமேசைப் பேச்சு, அதே ஆண்டு ஜூன் 4 தேர்தல் எல்லாம் பிறகு வந்தவை. அந்தச் சனிக்கிழமை வாயிற்கதவு திறந்தபடியே இருந்திருந்தால், அது சம்பளத் தகராறு ஒன்று தீர்ந்த கதையாகவே நின்றிருக்கும் என்பது என் கருத்து.

அனுதாபம் வெளியே நின்று படுவது. ‘ஆதரவு’ என்றால் ஓர் அறிக்கை விட்டாலே கொடுத்ததாகிவிடும். ‘ஒருமைப்பாடு’ என்றதும் அரசு அலுவலக உறுதிமொழிதான் நினைவுக்கு வருகிறது. தோழமையோ தொழிலாளர்கள் பேச்சிலேயே இருக்கிற சொல். சங்க நோட்டீஸ்களில் ‘தோழமைச் சங்கங்கள்’ என்று நெடுங்காலமாக அச்சாகிறது. ‘தோழமைக் கட்சி’ தேர்தல் கூட்டணியைக் குறிக்கிறதே என்று நம் குழுவில் ஓர் அம்மா கேட்டது நியாயமான கேள்வி. வேலைநிறுத்தம் என்பது பக்கத்தில் வந்ததும் அந்தக் குழப்பம் இருக்காது.

அந்தப் போராட்டத்திலிருந்து பிறந்த தொழிற்சங்க இயக்கத்தின் பெயரை மட்டும் பெயர்க்காமல் சாலிடாரிட்டி என்றே விடலாம். தொழிலாளர் சட்டம் பழகியவர்கள் யாருக்காவது மறுப்பு இருந்தால் எழுதுங்கள். இல்லையேல் பட்டியலில் ‘தோழமை வேலைநிறுத்தம்’ என்று சேர்த்துவிடுகிறேன்.