பழைய டைகான் வாங்கும் முன்: 400 வோல்ட் சார்ஜிங் பற்றி உதவி தேவை

முதல் தலைமுறை போர்ஷே டைகான் மின்சாரக் கார் வைத்திருக்கும் நண்பர்களே, பெரிய பேட்டரியில் பயன்படுத்தக் கிடைப்பது 83.7 யூனிட். 100 கி.மீ.க்கு 25 யூனிட் என்றால் முழு சார்ஜில் சுமார் 335 கி.மீ. ஆனால் நெடும்பயணத்தில் 80 சதவீதம் வரை ஏற்றி, 10 சதவீதத்துக்கு இறங்கியதும் மீண்டும் சார்ஜ் செய்ய நிறுத்துவதுதான் நடைமுறை. அப்போது மிஞ்சுவது 235 கி.மீ. மட்டுமே.

இனி முக்கியமான சந்தேகம். 800 வோல்ட் சார்ஜரில் உச்சம் 270 கிலோவாட். 400 வோல்ட் சார்ஜரிலோ சாதாரணமாக 50தான். விருப்பத்தேர்வாக வரும் 150 கிலோவாட் சாதனம் காரில் இருக்கிறதா என்று வாங்குமுன் எப்படி உறுதி செய்வது?

21 அங்குலச் சக்கரத்தில், நிலையாக 120 கி.மீ. வேகத்தில் 100 கி.மீ.க்கு எத்தனை யூனிட் ஆகிறது என்றும் சொல்லுங்கள். செலவுக் கணக்குக்குக் காரின் திரை காட்டும் எண் போதாது, சார்ஜிங் இழப்பு அதில் சேராது. சுவர் மீட்டரில் ஏறிய யூனிட்டைத் தந்தால் பெரிய உதவி.