ஒரு வருட உலகப் பயணம்: எதை முதலில் கவனிப்பது?

பாலக்கோட்டுப் பையன்:
அடுத்த வருடம் முதுகுப் பையோடு தாய்லாந்து, ஐரோப்பா, கென்யா, பிரேசில் என்று சுற்றப் போகிறேன். தர்மபுரியில் இருந்தபடியே எதையெல்லாம் முடித்துவிடலாம்?

ஓசூர் அக்கா:
தம்பி, முதலில் மஞ்சள் காய்ச்சல் ஊசி. கென்யா, பிரேசில் போய்விட்டு அந்தச் சான்றிதழ் இல்லாமல் இந்தியா திரும்பினால் தனிமைப்படுத்தி வைத்துவிடுவார்கள். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், அப்புறம் ஆயுளுக்கும் கவலை இல்லை. ஆனால் எல்லா ஆஸ்பத்திரியிலும் போட மாட்டார்கள், அரசு அங்கீகரித்த மையத்துக்குத்தான் போகணும்.

அரூர் வாசி:
ஐரோப்பாவை முதலில் வையுங்கள். ஷெங்கன் விசாவுக்கு (பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான ஒரே விசா) பயணத் தேதிக்கு 6 மாதத்துக்கு முன்பாக விண்ணப்பிக்க முடியாது, பொதுவாக நாம் குடியிருக்கும் நாட்டிலிருந்துதான் விண்ணப்பிக்கவும் வேண்டும், அதனால் பாதி வழியில் மாட்டிக்கொள்ளாதீர்கள். கிடைத்தாலும் 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம். அப்புறம் முழுப் பாரத்தோடு ஒருமுறை தீர்த்தமலை ஏறிப் பாருங்கள், எதை வீட்டிலேயே விட்டுவிடலாம் என்று தெரிந்துவிடும்.

பாலக்கோட்டுப் பையன்:
ரொம்ப நன்றி. பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கணும், 36 பக்கம் போதுமா?

ஓசூர் அக்கா:
60 பக்கமே கேள் தம்பி.