மரத்தவளை சத்தம் கேக்குது, ஆளைக் காணோம்: எப்படித் தேடுறது, எப்படி அடையாளம் பாக்குறது?

இலைமறைவு கேட்டது:
வணக்கம் மக்களே. மழை விட்டதும் ராத்திரி புதர்ப் பக்கமா "டிக் டிக் டிக்"னு ஒரு சத்தம், கிட்ட போனா கப்சிப், டார்ச் அடிச்சு ஒவ்வொரு இலையா பாத்தாலும் ஒண்ணும் இல்ல, பின்னால நகந்து வந்தா மறுபடி ஆரம்பிக்குது, அதுவும் இப்ப வேற பக்கத்துல இருந்து வர்ற மாதிரி இருக்கு. ஒரே ஒரு தடவ சின்னதா ஒரு தவளை இலை மேல மாட்டுச்சு, படம் போட்டிருக்கேன். படத்தை வச்சு என்ன உயிரினம்னு சொல்ற ஆப்ல போட்டா மூணு தவளைப் பேர் காட்டுது, அதுல ஒண்ணு வேற கண்டத்துல இருக்குற தவளை!! படத்துல பிரவுன், ஆனா முதல்ல பாத்தப்ப வெளிர் மஞ்சளா இருந்துச்சு. கத்துனது இதுதானான்னும் தெரியல. ஹெல்ப் ப்ளீஸ்.

ராக்குருவி:
டார்ச்சோட நேரா சத்தத்தை நோக்கிப் போறீங்கல்ல, அங்கதான் பிரச்சனை. ரெண்டு பேரா போங்க. கொஞ்சம் தள்ளித் தள்ளி நின்னு, சத்தம் வர்ற திசையை ஆளுக்கு ஒரு பக்கமா கை நீட்டிக் காட்டுங்க, ரெண்டு கோடும் எங்க வெட்டுதோ அங்கதான் ஆளு இருப்பான். தனியா போனா ஒரு இடத்துல கேட்டுட்டு நகந்து நின்னு இன்னொரு தடவ கேளுங்க. காதுக்குப் பின்னாடி கையைக் குவிச்சு வச்சு தலையை மெதுவாத் திருப்பினா திசை நல்லாத் தெரியும். நின்னுட்டான்னா லைட்டை அணைச்சிட்டு அசையாம நில்லுங்க, பொறுமை இருந்தா மறுபடி கத்துவான், அப்ப ரெண்டு அடி, மறுபடி நில்லுங்க.

அப்புறம் லைட்டைக் கண்ணு உயரத்துல வச்சுப் பாருங்க, ஹெட்லைட்னா பெஸ்ட். இடுப்புக்கிட்ட பிடிச்சா தவளையோட கண்ணு மின்னுறது உங்களுக்குத் தெரியாது. என்ன, புல்லுல மின்னுறதுல பாதிக்கு மேல சிலந்தியாத்தான் இருக்கும், பழகிடும். மரத்தவளைன்னு பேரைக் கேட்டு மேலயே அண்ணாந்து பாக்காதீங்க, மரத்தவளைக் குடும்பத்துலயே சின்ன வகையான புதர்த்தவளைங்க நிறைய முழங்கால் உயரத்துலயே உக்காந்திருக்கும். இலைக்கு அடிப்பக்கமும் பாருங்க. கையை விடுறதுக்கு முன்னாடி அங்க பாம்பு இருக்கான்னும் பாருங்க, தவளை தேடி வர்றது நாம மட்டும் இல்ல.

மழைக்கிறுக்கன்:
சுவர்க்கோழியா இருக்கப் போவுது பாஸ் 😄 நானும் ஒரு மரத்தையே சுத்திச் சுத்தி வந்து கடைசில பூச்சிதான்.

சவ்வுக்கால்:
@மழைக்கிறுக்கன் அதுவும் நடக்கும்தான். ஆனா ஆள் கிட்ட போனா சுவர்க்கோழியும் நிறுத்தும், அதனால அத வச்சு முடிவு பண்ண முடியாது. ரெக்கார்ட் பண்ணிப் பாக்கணும்.

@இலைமறைவு தம்பி, படத்தைப் பாத்தேன். கலரை மறந்துருங்க. மரத்தவளைங்க பலதும் வெப்பம், ஈரம், வெளிச்சத்துக்கு ஏத்த மாதிரி வெளுக்கும், கருக்கும், ஒரே தவளை ஒரே ராத்திரியில ரெண்டு கலர்ல நிக்கும். விரல் நுனியில வட்டமா தட்டு மாதிரி இருக்குறதும் பாதி ஆதாரம்தான், ஏன்னா மரத்தவளைக் குடும்பம் இல்லாத சில தவளைங்களுக்கும் அது உண்டு. நான் பாக்குறது வேற. கை விரலுக்கு நடுவுல சவ்வு இருக்கா, கால் விரல்ல எதுவரைக்கும் இருக்கு. கண்ணுக்குப் பின்னால செவிப்பறை தெளிவா வட்டமாத் தெரியுதா, இல்ல தோலுக்குள்ள மறைஞ்சிருக்கா. கண்பாவை படுக்கைவாட்டுலயா நிமிந்தா (சிவப்புக் கண்ணு மரத்தவளைக்கு நிமிந்து இருக்கும், பெரும்பாலான மரத்தவளைக்குப் படுக்கைவாட்டுல). அப்புறம் ரொம்ப முக்கியம், தொடையோட உள்பக்கம். உக்காந்திருக்கும்போது மறைஞ்சிரும், தாவும்போதுதான் மஞ்சளோ புள்ளியோ கோடோ தெரியும். உங்க படம் மேல இருந்து எடுத்தது, அதுல இதெல்லாம் ஒண்ணும் தெரியல. சைடுல இருந்து ஒண்ணு, முன்னாடி இருந்து முகம், காலைத் தனியா ஒண்ணு எடுங்க. பக்கத்துல ஒரு ஸ்கேல் பிடிச்சு எடுத்தா அளவும் கிடைக்கும், தவளையைத் தொடவே வேணாம்.

ஆப் வேற கண்டத்தைக் காட்டுதுன்னா முதல்ல அதுல லொக்கேஷனை ஆன் பண்ணுங்க. அப்பவும் அது சொல்றது ஒரு யூகம்தான்.

இலைமறைவு:
நன்றிண்ணா. ரெக்கார்டிங் வச்சே பேர் சொல்லிர முடியுமா? கையில பிடிச்சுப் பாத்தா ஈஸியா இருக்குமான்னு ஒரு நெனப்பு.

சவ்வுக்கால்:
பல சமயம் படத்தை விட சத்தம்தான் கெட்டி. வட அமெரிக்காவுல சாம்பல் மரத்தவளைன்னு ரெண்டு ஸ்பீஷீஸ் இருக்கு, வெறும் கண்ணால பாத்தா வித்தியாசமே கண்டுபிடிக்க முடியாது. ஒண்ணோட செல்லுல 24 குரோமோசோம் (மரபணுவைச் சுமக்குற இழை), இன்னொண்ணுக்கு 48. காட்டுல நின்னு குரோமோசோம் எண்ணவா முடியும், கத்துற வேகத்தை வச்சுத்தான் பிரிக்கிறாங்க, 48 உள்ளது மெதுவா அதிரும், மத்தது கிட்டத்தட்ட ரெட்டை வேகம். ஆனா சூடு ஏறினா ரெண்டுமே வேகமாக் கத்தும், அதனாலதான் ரெக்கார்டிங்கோட அப்பத்திய வெப்பநிலையையும் குறிச்சு வைங்கன்னு சொல்றது. முப்பது செகண்டாவது தொடர்ந்து எடுங்க, நடுவுல பேசாதீங்க.

இன்னொண்ணு, ஆள் கண்ணுக்கு மாட்டாம இருக்குறதுக்கு உங்க தேடல்தான் காரணம்னு இல்ல. மேற்குத் தொடர்ச்சி மலையில ஒரு புதர்த்தவளை மூங்கில் தண்டுல இருக்குற சின்ன ஓட்டை வழியா உள்ள போயி அங்கயே முட்டையும் வச்சுக் காக்கும். அந்த மாதிரி ஆளை டார்ச் வச்சு எங்கன்னு தேடுவீங்க!

ராக்குருவி:
கையில பிடிக்காதீங்க. அதோட தோல் எல்லாத்தையும் உறிஞ்சும், உங்க கையில கொசு விரட்டி இருந்தா அதுக்குப் போச்சு. சிலதோட தோல்ல சுரக்குறது உங்க கண்ணுல பட்டா எரியும். அத விட பெருசு கைட்ரிட் பூஞ்சை, நீர்நில வாழ்விகளை உலகம் பூரா காலி பண்ணிட்டிருக்குற நோய், ஈரமான ஷூ வழியாக்கூட ஒரு ஓடையில இருந்து இன்னொரு ஓடைக்குப் போயிரும். இடம் மாறுறதுக்கு முன்னாடி சேத்தைத் தேச்சுக் கழுவி நல்லாக் காய வைங்க. போன்ல சத்தத்தைத் திருப்பிப் போட்டுக் கூப்புடுறதும் வேணாம், பாவம், அவனுங்க பொண்ணு தேடுற நேரம்.

செந்தூரி:
தண்ணிக்கு மேல இலையில நுரை மாதிரி ஏதாவது தொங்குதா பாருங்க. சில மரத்தவளைங்க நுரைக்கூடு கட்டி அதுல முட்டை வைக்கும், தலைப்பிரட்டை கீழ தண்ணியில விழும். ஆனா புதர்த்தவளைங்கள்ல நிறைய வகைக்குத் தலைப்பிரட்டையே கிடையாது, முட்டையில இருந்து நேரா குட்டித் தவளையாவே வரும். அதனால பக்கத்துல குளம் இல்லன்னு தேடாம விட்டுறாதீங்க.

இலைமறைவு:
அப்டேட்!! ஃப்ரெண்டைக் கூட்டிட்டுப் போயி கை நீட்டுற டெக்னிக் பண்ணோம், ஆளு மாட்டிக்கிட்டான். முழங்கால் உயரம்தான், இலைக்கு அடியில, தொண்டை பலூன் மாதிரி உப்பி உப்பி டிக் டிக்னு அடிக்கிறான். சைடு படம், கால் படம், ஒரு நிமிஷ ரெக்கார்டிங், 22 டிகிரி. ஸ்கேல்ல 2.5 செ.மீ. வருது.

சவ்வுக்கால்:
அருமை. கை விரல்ல சவ்வு இல்ல, செவிப்பறை மங்கல், சைஸும் ஒத்து வருது, புதர்த்தவளைன்னு பேரினம் (நெருங்கின ஸ்பீஷீஸ்கள் சேர்ந்த கூட்டம்) வரைக்கும் போட்டுக்கலாம். அதுக்கு மேல ஸ்பீஷீஸ் போடாதீங்க, தொடை உள்பக்கம் இன்னும் தெரியல. இடத்தைப் பப்ளிக்கா துல்லியமாப் போடவும் வேணாம். அது சரி, ரெக்கார்டிங்ல 41வது செகண்டுல பின்னாடி "கொர்ர்ர்"னு ஒண்ணு கேக்குதே, அது வேற ஆளு. அவனைத் தனியா எடுத்துப் போடுங்க பாப்போம்.

மழைக்கிறுக்கன்:
கூட வந்த ஃப்ரெண்டா இருக்கும் 😂