அப்பாவின் டிடி எங்கே நிற்க வேண்டும்?

குழு: கல்லடி வீட்டார்

பெரியண்ணன் (மாலை 6:10)
எல்லாருக்கும் வணக்கம். பின்வளவுக் கொட்டிலில் தறப்பாளுக்கு அடியில் கிடந்த அப்பாவின் யமஹா டிடி 125 மோட்டார் சைக்கிளை இன்று முற்றத்துக்குக் கொண்டு வந்துவிட்டோம். படங்களை மேலே போட்டிருக்கிறேன். ஸ்போக்குகளும் சைலன்சரின் அடிப்பகுதியும் நன்றாகக் கறள் பிடித்துவிட்டன. சேசிஸ் உறுதியாகவே இருக்கிறது. இதைத் திருத்தி மண்டபத்தில் நிறுத்தி வைக்கலாம் என்று யோசிக்கிறேன். உங்கள் அபிப்பிராயங்களை எழுதுங்கள்.

தம்பி, டொரன்ரோ (மாலை 6:24)
அண்ணா, மிகவும் சந்தோஷம். டாங்கிக்கும் மட்கார்டுக்கும் புதிதாகப் பெயின்ற் அடித்துவிடுங்கள். கடையிலிருந்து அன்றுதான் இறக்கியது போல இருக்க வேண்டும். அந்தக் காலத்து ஸ்டிக்கர்களை அப்படியே அச்சிட்டு விற்பவர்கள் இங்கே இருக்கிறார்கள், வாங்கி அனுப்புகிறேன்.

மாமா (மாலை 6:41)
மருமகன், பெயின்ற் விடயத்தில் அவசரப்பட வேண்டாம். மூன்றாவது படத்தைப் பெரிதாக்கி, டாங்கியின் இரண்டு பக்கத்தையும் பாருங்கள். உங்கள் அப்பாவின் முழங்கால் பட்டுப்பட்டுப் பெயின்ற் தேய்ந்து, இரும்பு தெரிகின்ற இரண்டு வட்டங்கள் இருக்கின்றன. வலது பக்கத்து வட்டத்துக்குக் கீழே சாய்வாக ஒரு தேய்மானம் தெரிகிறதல்லவா? விவசாயப் போதனாசிரியராக இருந்த காலம் முழுவதும் தோளில் மாட்டியிருந்த துணிப்பையின் கொளுக்கி உரசிய இடம் அது. புதுப் பெயின்ற் அடித்தால் எவரோ ஒருவரின் டிடிதான் மண்டபத்தில் நிற்கும்.

தம்பி, டொரன்ரோ (மாலை 6:47)
மாமா, அதை அப்படியே விட்டால் உப்புக்காற்று இரும்பைத் தின்றுவிடாதா?

மாமா (மாலை 7:02)
தின்னும். கல்லடியில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. இரண்டுக்கும் நடுவில் இருந்துகொண்டு இரும்பைக் காப்பது லேசான காரியமில்லை. ஆனால் அதற்குப் பெயின்ற்தான் மருந்து என்றில்லை. தேய்ந்த இடத்தில் மேலோட்டமாக உள்ள கறளை ஒயில் தோய்த்த மெல்லிய இரும்புப் பஞ்சால் மெதுவாக எடுத்துவிட்டு, நிறமில்லாத மெழுகைப் பூசி, மாரி தொடங்க முன்னர் ஒரு தடவையும் முடிந்த பின்னர் ஒரு தடவையும் அந்த மெழுகைப் புதுப்பித்து வந்தால் போதும். தறப்பாளால் மூடுவதை மட்டும் இன்றோடு நிறுத்துங்கள். உள்ளே வியர்த்து ஈரம் தங்குவதற்கு அதுவே காரணம். பருத்திச் சேலை ஒன்று போதும்.

அக்கா (மாலை 7:09)
எல்லாம் சரி, மண்டபத்தில் எந்த இடத்தில் வைக்கப் போகிறீர்கள்? சாமியறை வாசலுக்கு நேரே என்றால் நான் சம்மதிக்க மாட்டேன். அம்மா இரண்டு வேளையும் விளக்கு ஏற்றுகிறார். பெற்றோல் மணம் வரும் வண்டியை அங்கே எப்படி வைப்பது?

பெரியண்ணன் (இரவு 7:20)
அக்கா சொல்வது சரி. வீட்டுக்குள் ஏற்றும் முன்னர் டாங்கியையும் காபரேற்றரின் கிண்ணத்தையும் துளி பெற்றோல் இல்லாமல் வடித்துவிடுவோம். வெற்று டாங்கிக்குள்ளும் ஆவி நிற்கும் என்பதால் அதை வெயிலில் திறந்து வைத்து நன்றாக உலர்த்தி, பின்னர் கொஞ்சம் டூ ஸ்ட்ரோக் ஒயில் ஊற்றி எல்லாப் பக்கமும் படும்படி உருட்ட வேண்டும்; அப்போது உள்ளே கறள் பிடிக்காது. பற்றரியையும் கழற்றிவிடுவேன். ஆனாலும் இடம் சாமியறைப் பக்கம் இல்லை, கிழக்குச் சுவரோரம். அங்கே நேர் வெயில் படாது. மட்கார்டின் பிளாஸ்டிக்கும் சீற்றின் ரெக்சினும் வெடிக்காமல் இருக்கும்.

மருமகள், கொழும்பு (இரவு 7:31)
மாமா, இந்த வண்டியில் அப்படி என்ன விசேஷம்? எங்கள் வகுப்பில் இதைப் பற்றிக் கேட்டவர் ஒருவரும் இல்லை.

மாமா (இரவு 7:58)
மகள், நல்ல கேள்வி, கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. யமஹா 1967இல் டோக்கியோ கண்காட்சியில் டிடி-1 என்ற வண்டியைக் காட்டி, 1968இல் விற்பனைக்கு விட்டது. 246 சிசி, டூ ஸ்ட்ரோக். தார் வீதியிலும் காட்டுப் பாதையிலும் ஒரே வண்டியில் போகலாம், விலையும் சாதாரண மனிதனுக்குக் கட்டும் என்று காட்டியது அதுதான். நம்முடையது அந்தக் குடும்பத்தின் சின்னப் பிள்ளை: 123 சிசி, முன்சில்லு 21 அங்குலம், பின்சில்லு 18. பெரிய முன்சில்லு இருப்பதால் பள்ளத்துக்குள் விழாமல் அதன் மேலால் ஏறிப் போய்விடும். பின்பக்கத்தில் வழமையான இரண்டு ஷொக்குகளைக் காணமாட்டீர்கள். சீற்றுக்கும் டாங்கிக்கும் கீழே ஒன்றே ஒன்று படுத்திருக்கிறது. அந்த அமைப்பின் மூலம் பெல்ஜியத்துப் பொறியியலாளர் லூசியன் டில்கன்ஸின் யோசனை. யமஹா அதை வாங்கி மோட்டோகுரோஸ் வண்டியில் பூட்டி, 1973இல் ஹோக்கன் அண்டர்சன் அதிலே 250 சிசி உலகப் பட்டத்தை வென்றார். பிறகுதான் நம்மைப் போன்றவர்களின் வண்டிக்கும் அது இறங்கி வந்தது.

உங்கள் அம்மப்பாவுக்கு அது எதற்கு என்றால், வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்கு. மண்முனைப் பாலம் 2014இல்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன்னர் மண்முனைத் துறையில் வண்டியைப் பாதை என்ற மிதவைப் படகில் ஏற்றி, மறுகரையில் இறக்கி, கொக்கட்டிச்சோலையைத் தாண்டி வயல் வரம்போரமாகப் போக வேண்டும். மாரியில் அந்த மண் சில்லைப் பிடித்தால் விடாது. சாதாரண வண்டிக்காரர்கள் தள்ளிக்கொண்டு போகும் இடத்தில் அவர் ஓடிக்கொண்டு போவார்.

தம்பி, டொரன்ரோ (இரவு 8:06)
சரி மாமா, டாங்கியில் தோற்றுவிட்டேன். எஞ்சினையாவது முழுதாகத் திருத்தலாமா, இல்லை அதையும் தேய்ந்தபடியே விட வேண்டுமா?

மாமா (இரவு 8:15)
எஞ்சினில் எனக்குப் பாசம் எதுவும் இல்லை. தேய்ந்ததை எல்லாம் மாற்றுங்கள்.

பெரியண்ணன் (இரவு 8:33)
என் எண்ணமும் அதுதான். வெளியே இருப்பது இருந்தபடி. உள்ளே இருப்பது ஓடக்கூடியபடி. மெக்கானிக் நாளை கிக்கர் அடித்துப் பார்ப்போம் என்றார், நான் மறித்துவிட்டேன். இத்தனை வருடம் நின்ற டூ ஸ்ட்ரோக்கில் கிராங்கின் இரண்டு பக்கத்து ஒயில் சீல்களும் இறுகியிருக்கும். மக்னற் பக்கத்துச் சீல் விட்டால் எஞ்சின் வெளிக்காற்றை இழுத்துச் சூடேறிப் பிஸ்டன் பிடிக்கும். கிளச் பக்கத்தது விட்டால் கியர் ஒயிலைக் குடித்து வெள்ளைப் புகை கக்கும். ஒயில் பம்ப்பும் அப்படித்தான். இந்த வண்டி ஒயிலைத் தனி டாங்கியிலிருந்து தானே இழுத்துக்கொள்வது. குழாயில் காற்று நின்றால் ஒயில் போகாது. அதனால் பம்ப்பில் காற்றை வெளியேற்றிய பின்னரும், முதல் ஓட்டத்துக்குப் பெற்றோலிலும் ஒயில் கலந்தே ஊற்றப் போகிறேன்.

இரண்டு விடயங்களில் மெக்கானிக்கிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். பின் ஷொக்குக்குள் நைட்ரஜன் அழுத்தத்தில் அடைத்திருக்கிறது; அதைத் துளைக்கவோ சூடாக்கவோ கூடாது. பழைய பிரேக் லைனிங் தூளில் அஸ்பெஸ்டஸ் இருக்கக்கூடும் என்பதால் காற்றால் ஊதாமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

தம்பி, டொரன்ரோ (இரவு 8:40)
அப்படியென்றால் ஸ்டிக்கருக்குப் பதிலாக என்ன அனுப்ப?

பெரியண்ணன் (இரவு 8:52)
சீல் தொகுதி, காஸ்கற் தொகுதி, காபரேற்றருக்கான ரப்பர்கள். 6 வோல்ட் பல்புகளும் சில வேண்டும். இங்கே கடைகளில் 12 வோல்ட்டைத்தான் எடுத்துத் தருகிறார்கள். இன்னொன்று, ஜேஐஎஸ் ஸ்குரூ டிரைவர் ஒன்று. எஞ்சின் மூடியில் உள்ள ஸ்குரூக்களின் தலையில் ஊசிமுனை அளவில் ஒரு குழிப்புள்ளி இருக்கிறது; ஜப்பான் அளவு என்பதற்கு அதுதான் அடையாளம். சாதாரண பிலிப்ஸ் டிரைவரை வைத்துத் திருகினால் அது வழுக்கி மேலே ஏறித் தலையைச் சிதைத்துவிடும். முந்தி யாரோ சிதைத்த ஒரு தலையைக் கடைசிப் படத்தில் பார்க்கலாம்.

அக்கா (இரவு 8:58)
பிள்ளைகள் ஏறி விளையாடி வண்டி சரிந்தால்? நூறு கிலோவுக்குக் கிட்ட இருக்கும்.

பெரியண்ணன் (இரவு 9:04)
பக்க ஸ்டாண்டில் நிறுத்த மாட்டேன். சேசிஸுக்கு அடியில் அகலமான இரும்புத் தாங்கி வைத்து, இரண்டு சில்லும் நிலத்தில் படாமல் தூக்கி நிறுத்தி, தாங்கியை நிலத்தோடு போல்ட் பண்ணிவிடுவேன். டயரும் ஒரே இடத்தில் நசிந்து போகாது.

மருமகள், கொழும்பு (இரவு 9:07)
மண்டபத்தில் வைத்த பிறகு கிழமைக்கு ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணலாமா?

பெரியண்ணன் (இரவு 9:13)
வேண்டாம் மகள். சூடேற முன்னர் நிறுத்தினால் சைலன்சருக்குள் ஈரம் தங்கி உள்ளிருந்து கறள் பிடிக்கும். பொங்கலுக்கும் சித்திரை வருடப் பிறப்புக்கும் வெளியே இறக்கி, கடற்கரை வீதியில் நன்றாகச் சூடேறும் வரை ஓட்டிவிட்டு, திரும்பவும் பெற்றோலை வடித்து ஏற்றுவோம். வெறுமனே நிற்கும் மாதங்களில் பிளக்கைக் கழற்றிச் சிறிது ஒயில் விட்டுக் கிக்கரைக் கையால் மெதுவாக அமத்தினால் போதும்.

அம்மா (இரவு 9:21)
அனைத்தையும் வாசித்தேன். கெரியரில் சுற்றியிருக்கும் கட்டுக்கம்பியை ஒருவரும் அவிழ்க்க வேண்டாம், விதைநெல் மாதிரிப் பொட்டலங்களுக்காக அவர் கட்டியது. கிழக்குச் சுவரோரம் என்றால் அங்கே நிற்கும் கண்ணாடி அலுமாரி எங்கே போகும் என்று ஒருவரும் சொல்லவில்லையே.

அக்கா (இரவு 9:24)
அலுமாரியை நான் எடுத்துக்கொள்கிறேன் அம்மா. ஞாயிற்றுக்கிழமை லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் ஒன்று அனுப்புகிறேன். தூக்குவதற்குப் பெரியண்ணன் இரண்டு பேரை வைத்திருக்கட்டும்.