ஆனைமலைச் சாலைகளில் சைக்கிள்: இன்னும் உறுத்துகிற ஒன்று இருந்தால் எழுதுங்கள்

முப்பதாம் வளைவு

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவும் ஏறியவர்களுக்கு வழி சொல்லத் தேவையில்லை. செவ்வாய்க்கிழமை, பள்ளி நாள், மழை விட்டு இரண்டு நாள். ஆழியாறில் விடியலில் மிதிக்க ஆரம்பித்து, அட்டகட்டியில் ஒரு டீ, காவர்கல்லில் ஒரு டீ, அவ்வளவுதான் நின்றது. ஒன்பதாவது வளைவில் வரையாடுகூடப் பார்த்தேன். அதை எழுத வரவில்லை.

ரொட்டிக்கடை தாண்டி, வால்பாறைக்குச் சற்று முன்னால் புதுத்தோட்டம். கால் பிடித்துக்கொண்டது. சைக்கிளை ஓரமாகச் சாய்த்துவிட்டு ஒரு வாழைப்பழம் தின்றேன். தோலைப் புதரில் எறிந்தேன். மக்கிப்போகிற பொருள்தானே, பிளாஸ்டிக்கா என்ன?

மேலே மரத்துக்கு மரம் கட்டிய குரங்குப் பாலம். அதில் நடந்துகொண்டிருந்த சோலைமந்தி, அதாவது சிங்கவால் குரங்கு ஒன்று, வயிற்றில் குட்டியோடு, பாலத்தை விட்டு இறங்கி ரோட்டுக்கு வந்தது. தோல் கிடந்தது எதிர்ப்பக்கம். அந்த நேரம் பார்த்து வளைவில் பஸ். எங்கிருந்து வந்தாரோ, குரங்குக் காவலுக்கு நிற்கிற ஒருவர் நடுரோட்டில் இரண்டு கையையும் விரித்து நின்றுவிட்டார். பஸ் அவரிடமிருந்து ஒரு சைக்கிள் நீளத்தில் நின்றது. குரங்கு மரமேறியது. அவர் போய் அந்தத் தோலை எடுத்தார், நாலாக மடித்தார், சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். என்னை ஒரு தடவை பார்த்தார். ஒன்றுமே சொல்லவில்லை.

இறங்கி வந்த வழியெல்லாம் அந்தச் சட்டைப் பைதான் கண்ணில் நின்றது.

வேட்டைக்காரன்புதூர்

அண்ணே, கொஞ்சம் அதிகமாக வருத்தப்படுகிறீர்கள். காரில் வருகிறவன் கண்ணாடியை இறக்கிச் சிப்ஸ் பாக்கெட்டையே நீட்டுகிறான், ஆழியாறு குரங்கருவிப் பக்கம் போய்ப் பாருங்கள். அங்கே இருப்பது நாட்டுக் குரங்கு, உலகத்துக்கே பழகிவிட்டது. ஒரு தோலால் காடு அழியாது. எனக்கு உறுத்துவது வேறு. போன வருஷம் அதே ரோட்டில் ஒருத்தன் பெரிய ஸ்பீக்கரைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு பாட்டுப் போட்டுப் போனான். நிறுத்திக் கேட்கலாம் என்று நினைத்தேன். மேடு, மூச்சு வாங்கியது, விட்டுவிட்டேன்.

பழைய ஹெர்குலிஸ்

தோலைப் பற்றி மேலே சொன்னதை ஒப்புக்கொள்ள முடியாது. நாட்டுக் குரங்கு வேறு, சோலைமந்தி வேறு. சோலைமந்தி மேற்குத்தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் எங்கும் கிடையாது. மரத்திலேயே வாழ்கிற பிராணி அது. அதை மண்ணுக்கு இறக்கியதே நம் ருசிதான். சரி, விடுங்கள்.

என் கதை சின்னது. தேயிலைத் தோட்டத்து நடுவே இறக்கம், மூடுபனி, பத்தடிக்கு அப்பால் தெரியாது. அங்கே ரோட்டுக்குக் குறுக்கே ஒரு காட்டுமாடு. முழங்கால் வரை வெள்ளை காலுறை போட்ட மாதிரி நான்கு கால்தான் முதலில் தெரிந்தது. என் சைக்கிள் சத்தமே போடவில்லை, அதனால் அதுவும் திடுக்கிட்டது. அது மூக்கால் ஊதியது இன்னும் காதில் இருக்கிறது. சத்தமில்லாமல் போகிறோம் என்று நாம் பெருமைப்படுகிறோம். மிருகத்துக்கு அது நல்லதா என்று எனக்குச் சந்தேகம்.

அன்று நான் பிழைத்தது பிரேக்கால். அதனால் புதுசாக இறங்குகிறவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். ரிம் பிரேக் சைக்கிள் என்றால் தொடர்ந்து பிடித்துக்கொண்டே இறங்காதீர்கள். ரிம் கொதித்து உள்ளே டியூப் வெடித்த கதை எனக்கே மூன்று தெரியும். வளைவுக்கு முன்னால் நேர் ரோட்டில் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைக்க வேண்டும், வளைவுக்குள் விட்டுவிட வேண்டும். முன்னும் பின்னும் சேர்த்துப் பிடியுங்கள். ஈர ரோட்டில் முன்பிரேக்கை மட்டும் பிடித்தால் பல் போகும். கார்பன் ரிம்மில் இந்த மலைக்கு வரவே வராதீர்கள். டிஸ்க் பிரேக் வைத்திருப்பவர்கள் கர்வப்பட வேண்டாம். பேடு தேய்ந்திருக்கிறதா என்று வீட்டிலேயே பாருங்கள், அட்டகட்டியில் பேடு விற்கும் கடை இல்லை. டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள், மழை நாளில் பிடிப்பு கூடும். மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் உரிமை. இறங்குகிற நாம்தான் ஒதுங்க வேண்டும். பஸ் டிரைவர் கையைக் காட்டினால் அவரை நம்பலாம், அவருக்கு நாற்பது வளைவும் மனப்பாடம். கையுறை போடுங்கள். ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள், ஏறும்போது தெரியாது, இறங்கும்போது விரல் விறைத்துப் பிரேக்கே பிடிக்க வராது.

ஐயர்பாடிப் பையன்

நான் சைக்கிள்காரன் இல்லை. தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்தவன். இங்கே சில இடங்களில் கம்பத்தில் சிவப்பு லைட் வைத்திருக்கிறார்கள், பார்த்திருப்பீர்கள். நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன் என்ற காட்டுயிர் அமைப்புக்காரர்கள் ஆரம்பித்தது. பக்கத்தில் யானை நின்றால் போனிலிருந்தே அதை எரியவிடுவார்கள். எங்களுக்கு மெசேஜும் வரும். வேலை முடிந்து வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு நின்றுவிடுவோம், இல்லையென்றால் வேறு வழியாகப் போவோம்.

இருட்டுகிற நேரம். லைட் விட்டு விட்டு எரிகிறது. நாங்கள் ஏழெட்டுப் பேர் கடை வாசலில் நிற்கிறோம். மஞ்சள் சட்டை, ஹெல்மெட், முன்னால் சின்ன விளக்கு, ஒரு சைக்கிள்காரர் வந்தார். "சார், போகாதீங்க!" என்று எல்லோரும் சேர்ந்து கத்தினோம், கையை ஆட்டினோம். உற்சாகப்படுத்துகிறோம் என்று நினைத்துவிட்டார் போல. ஒரு கையைத் தூக்கி ஆட்டிச் சிரித்துக்கொண்டே மேட்டில் வேகமாக மிதித்தார்.

சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் பேப்பரிலும் ஒன்றும் இல்லை. நன்றாகத்தான் போயிருப்பார். ஆனால் அந்தக் கை ஆட்டல் இருக்கிறதே. மஞ்சள் சட்டைக்காரர் இதைப் படித்தால் ஒரு வார்த்தை எழுதுங்கள் சார்.

கல்லட்டி மேடு

ஆனைமலை இல்லை, முதுமலைப் பக்கம். பரவாயில்லையா? ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு கல்லட்டி வழி, 36 வளைவு. நீலகிரிப் பதிவெண் இல்லாத வண்டிகளை அதில் இறங்க விடுவதில்லை. 2018இல் நடந்த விபத்துக்கு அப்புறம் வந்த கட்டுப்பாடு. சாவடியில் இருந்தவர் என்னை நிறுத்தி, "வண்டி நம்பர் என்ன?" என்றார். "சைக்கிளுக்கு நம்பர் ஏதுங்க?" என்றேன். நோட்டைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார், டிஎன் 43 இல்லாத வண்டி இறங்கக் கூடாது, ஆனால் நம்பரே இல்லாத வண்டியை என்ன செய்வது என்று யாருக்கோ போன் போட்டார். அரை மணி நேரம். கடைசியில் திரும்பிப் போகச் சொல்லிவிட்டார். அன்றைக்குக் கோபம் வந்தது. ஒரு முறை அதே ரோட்டில் காரில் இறங்கிய பிறகு கோபம் போய்விட்டது, அவ்வளவு செங்குத்து.

மலக்கப்பாறை தாண்டி

வால்பாறையிலிருந்து அதிரப்பள்ளி இறங்குகிற காட்டு ரோட்டில் கபாலி என்ற கொம்பன் யானை வழிமறித்து, 2022 நவம்பரில் ஒரு பஸ்ஸை எட்டு கிலோமீட்டர் ரிவர்ஸிலேயே ஓட்ட வைத்தது எல்லோருக்கும் தெரிந்ததுதான். பஸ்ஸுக்கு ரிவர்ஸ் கியர் உண்டு, எனக்கு இல்லை.

அந்தப் பக்கம் நான் யானையைப் பார்க்கவே இல்லை. வாசனைதான் வந்தது, ஈர வைக்கோலும் புளித்த கூழும் கலந்த மாதிரி. அப்புறம் மூங்கில் ஒடிகிற சத்தம், ஒன்று, இன்னொன்று. அப்புறம் நின்றுவிட்டது. ஒடிக்கிற வரை எனக்குப் பயமில்லை. நின்ற பிறகுதான் கை நடுங்கியது, ஏனென்றால் அதுவும் என்னைக் கேட்டுவிட்டது என்று அர்த்தம். சைக்கிளைத் திருப்பி, ஏறாமல், தள்ளிக்கொண்டே நடந்தேன். ஃப்ரீவீல் டிக் டிக்கென்று அடிக்கிறதே என்று பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்தேன். ஹெர்குலிஸ் ஐயா, மிருகத்துக்குக் கேட்கிற மாதிரி போக வேண்டும் என்கிறீர்கள். நீங்கள் அங்கே நின்றிருந்தால் மணி அடித்திருப்பீர்களா?

பழைய ஹெர்குலிஸ்

அடித்திருக்க மாட்டேன்.

முப்பதாம் வளைவு

ஒரு தோலால் காடு அழியாது என்ற தம்பிக்கு: இருக்கலாம். போன மாதம் திரும்பப் போனேன். அதே இடத்தில் அவரே நின்றார். என்னை அடையாளம் தெரியவில்லை. "பழம் கிழம் வச்சிருந்தா பையை மூடிக்கங்க சார்" என்றார். மூடிக்கொண்டேன்.